மூணாவது ஓலைக்கு முன்னாடி பாத்த காட்டேரி படம்

ஏசி தியேட்டர்ல கருவாட்டு வாசம் வந்து பாத்துகீறீங்களா தோஸ்துங்களா?

நான் பாத்துகீறேன். மவுண்ட் ரோடு தியேட்டர். குளுகுளுன்னு ஏசி. அதுல பாண்ட்ஸ் பவுடர் வாசமும் நெத்திலிக் கருவாட்டு வாசமும் ஒண்ணா கலந்து... முன் சீட்டுக்காரன் மூணு வாட்டி திரும்பிப் பாத்தான்.

வாசத்துக்குச் சொந்தக்காரங்க என் வருங்கால மாமியாரு. காசிமேட்டுல கருவாட்டு வியாபாரம். குளிச்சிட்டு, பட்டுப் பொடவ கட்டிக்கினு, அரை டப்பா பவுடர் போட்டுக்கினு தான் வந்துச்சு பாவம். கருவாடு வுடல.

இந்தாண்ட நானு. அந்தாண்ட ஸ்டெல்லா, நான் கட்டிக்கப் போற பொண்ணு. நடுவுல அத்தை, கோட்டச் சுவரு மாதிரி.

அப்ப நான் திருவொத்தியூர்ல லாரிப் பட்டறையில வெல்டர். ஸ்டெல்லா வண்ணாரப்பேட்டையில ஜெராக்ஸ் கடையில வேல. ப்ளஸ் டூ முடிச்ச பொண்ணு. பொண்ணு பாக்கப் போனப்ப எங்க அக்கா பெருமைக்கு ஒண்ணு எடுத்து வுட்டா... "எந்தம்பி பத்தாவது பாஸு."

நான் அஞ்சாவதோட ஸ்கூலுக்கு டாட்டா காட்டினவன். ஆனா வாயத் தொறக்கல. மைசூர்பாக தின்னுக்கினு கம்முனு ஒக்காந்திருந்தேன்.

எங்க மாதா கோயில்ல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயிறு பூசையில ஓலை படிப்பாங்க. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை இன்னா தெரிஞ்சாலும் சாமியாராண்ட வந்து சொல்லுங்கன்னு மைக்ல சொல்லுவாரு. எங்களுக்கு ரெண்டு ஓலை முடிஞ்சிருச்சு. ரெண்டு வாட்டியும் எனக்கு மட்டும் வேர்த்து ஊத்துச்சு.

மூணாவதுக்கு முன்னாடி தான் இந்தப் படம்.

ஸ்டெல்லாவுக்கு அந்தக் கதை உயிரு. ரத்தக் காட்டேரிப் பையன் ஒருத்தன், காலேஜ் கூட போகாத ஒரு பொண்ணு, ரெண்டு பேருக்கும் லவ்வு. பழைய புத்தகக் கடையில இங்கிலீஷ் நாவல வாங்கி, டிக்ஷனரி வச்சிக்கினு படிச்சவ அவ. படம் வந்ததும் நான் தான் கூட்டிக்கினு போறேன்னேன். எங்க ஏரியா தியேட்டர்லயே அதே படம் தமிழ் பேசிக்கினு ஓடுது. அங்க போயிருக்கலாம்ல? பத்தாவது பாஸு கெத்து வுடல... மவுண்ட் ரோட்ல இங்கிலீஷ்லயே எடுத்தேன் டிக்கெட்டு.

படம் ஆரம்பிச்சுது. எனக்கு ஒரு எழவும் புரியல.

அத்தைக்கும் புரியல. ஆனா அதுக்கு கூச்சமே இல்ல. "இன்னாடி சொல்றான் அவன்?"ன்னு கேட்டுச்சு. ஸ்டெல்லா மெதுவா கதை சொல்ல, நான் காத நீட்டி ஓசியில கேட்டுக்கினேன். தப்பிச்சோம்டா சாமின்னு இருந்துச்சு.

"இம்மாம் வெளுப்பா கீறானே, ரத்த சோகையா?"

"காட்டேரிம்மா அவன்."

"எதுவா இருந்தா இன்னா... ஆட்டு ஈரல் வாங்கிக் குடுக்க வூட்ல ஆள் இல்லியா?"

அப்பால என்னப் பாத்து, "மாப்ளைக்கு இன்னா, படிச்சவரு, புரியும். நாம தான் தற்குறி"ன்னுச்சு. நான் திரையப் பாத்து சிரிச்சு வச்சேன்.

காட்டேரிப் பையன் அந்தப் பொண்ணாண்ட, நான் இன்னாருன்னு உண்மைய ஒத்துக்கற சீனு வந்துச்சு. ஸ்டெல்லா அதையும் சொன்னா. நான் சீட்டுல இன்னும் கொஞ்சம் கீழ எறங்கி ஒக்காந்தேன்.

இன்டர்வெல்லுக்கு அப்பால அத்தை தூங்கிடுச்சு. விடிகாத்தால மீன் ஏலத்துக்கு எழுந்த ஒடம்பு... வாய் தொறந்து குறட்டை.

ஸ்டெல்லா கதைய நிறுத்தல.

இப்ப அவன் இத்த சொல்றான், இப்ப அவ பயப்படறான்னு அதே கொரல்ல சொல்லிக்கினே இருக்கா. குறட்டை வுடற அம்மாவுக்கா சொல்றா? அஞ்சு நிமிசம் கழிச்சு தான் என் மரமண்டைக்கு ஏறுச்சு.

என் பக்கம் திரும்பிக்கூட பாக்கல அவ.

படம் முடிஞ்சு, அத்தை பாத்ரூம் போன நேரத்துல சொல்லிட்டேன். "நான் அஞ்சாவது தான்."

"தெரியும். எல்லாரும் சிரிச்சு முடிச்ச அப்பால நீங்க சிரிச்சீங்க."

"ஞாயித்துக்கிழம தடை சொல்றதுன்னா சொல்லிடு."

ரொம்ப நேரம் டிக்கெட்ட மடிச்சு மடிச்சு பிரிச்சா. "படிப்பு பரவால்ல. ஆனா பொய் சொன்னத நீங்களே எங்கம்மாவாண்ட ஒத்துக்கங்க. நான் சொல்ல மாட்டேன்."

பஸ்ல சொன்னேன். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு. பீச் ஸ்டேஷன் தாண்டி வாயத் தொறந்துச்சு.

"கோயில்ல ரெண்டு ஓலை படிக்க வுட்டுட்டு இப்ப சொல்ற."

"தப்பு தான் அத்த."

"உங்க அக்காவ நாளைக்கு மார்க்கெட்டாண்ட வரச் சொல்லு. மீதிய அவளாண்ட பேசிக்கறேன்."

எங்க அக்கா மார்க்கெட்டுக்குப் போனா. அன்னிக்கு வாங்கிக் கட்டிக்கினத இன்னி வரைக்கும் சொல்லிக் காட்டறா.

ஞாயித்துக்கிழம மூணாவது ஓலை. தடை இருந்தா சொல்லுங்கன்னாரு சாமியாரு. பொம்பளைங்க பக்கத்துலேந்து அத்தை ஒரு இருமு இருமுச்சு பாருங்க... எனக்கு அங்கியே உசுரு போயி வந்துச்சு. வெறும் இருமல் தானாம். வேணும்னே இருமுச்சுன்னு நான் இன்னிக்கும் சொல்லுவேன்.

இப்ப திருவொத்தியூர்லேந்து மெட்ரோ ஏறினா மவுண்ட் ரோடு சுருக்கா போயிடலாம். அத்தை தவறி நாலு வருசம் ஆச்சு. எங்க பொண்ணு காலேஜ் படிக்குது, ஹெட்போன் மாட்டிக்கினு தனியா படம் பாக்குது, யாராண்டயும் கதை கேக்கறதில்ல. டிவியில எல்லா ஊர்ப் படமும் தமிழ்லயே பேசுது.

ஞாயித்துக்கிழம மத்தியானம், சோறு தின்னுட்டு நான் வேணும்னே இங்கிலீஷ்லயே போட்டுக்கினு ஒக்காருவேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஸ்டெல்லா, இன்னா சொல்றான் இவன்?"னு கொரல் குடுப்பேன்.

"தமிழ்ல கீதே, அத வைக்க வேண்டியது தான?"

"பட்டன் எங்க கீதுன்னு தெரிலம்மா."

பட்டன் எங்க கீதுன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரியும்.

முந்தானையில கையத் தொடச்சிக்கினு வந்து, பக்கத்துல ஒக்காந்து, "அவன் இன்னா சொல்றான்னா..."ன்னு ஆரம்பிப்பா.