புஷ்பவதி தலைமையில்

முன்வரிசைக் கதிரைகளுக்கு வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டிருக்கிறார் புஷ்பவதி. போர்த்தியதோடு விடாமல், காற்றுக்குப் பறக்காதபடி பின்பக்கத்தில் ஊசியும் குத்துகிறார். மண்டபத்துக்குள் காற்று ஏது? ஆனாலும் குத்துவார். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று ஒவ்வொரு கதிரைக்கும் ஒரு பட்டத்தை வாய்க்குள் சொல்லிக்கொள்கிறார். அப்படியான எவரும் அன்றைக்கு வரப்போவதில்லை. அது மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில், வயது வந்தவர்கள் பிரெஞ்சு படிக்கிற பள்ளிக்கூடம். நடக்க இருப்பது மாணவர்களின் ஹலோவீன் கொண்டாட்டம்.

வயது அறுபதைத் தொடப்போகிறது. பிள்ளைகள் தத்தம் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். இளமை முழுவதும் தையல் தொழிற்சாலையில் போனது. அங்கே பேசுவதற்கு ‘உய்’ என்ற ஒரு சொல் போதும். மேற்பார்வையாளர் என்ன சொன்னாலும் ‘ஆம்’ என்றால் சம்பளம் வரும். ஊரில் ஆறாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர் இந்த வயதில் புத்தகப்பை தூக்குவதைப் பார்த்து வாய்க்குள் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும். பள்ளிக்கூடம் கைவிட்ட பிறகும் இந்தப் பனிக்குள் வீடு வாங்கி நிமிர்ந்தவர்களுக்குத்தான் அந்தப் பையின் பாரமும் பெருமையும் தெரியும்.

அதற்கு முந்தின மாதம், செப்டெம்பரில், கழகங்களுக்கு ஆள் சேர்க்கும் நாள் வந்தது. நடைபாதை நெடுக மேசைகள். புஷ்பவதி ஒரு மேசையையும் விடவில்லை. நாடகம், சமையல், நடைப்பயிற்சி, மீள்சுழற்சி, சதுரங்கம் எல்லாவற்றிலும் பெயர் கொடுத்தார். கூடப் படிக்கிற மட்டக்களப்புப் பெண் ஜொய்சிக்கு வியப்பாக இருந்தது.

“உங்களுக்குச் சதுரங்கம் தெரியுமா அக்கா?”

“தெரியாது. அந்தப் பெடியன் மேசையில தனிய இருந்தவன். பாவமாக் கிடந்தது.”

கொண்டாட்டக் குழுவுக்கு யார் தலைவர் என்று ஆசிரியை செலீன் கேட்டபோது மற்றவர்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். புஷ்பவதி செலீனைப் பார்த்தார். அவ்வளவுதான், தலைவியாகிவிட்டார்.

ஒரு சபையை எப்படி நடத்துவது என்று அவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கணவர் கணேசலிங்கம் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்துக்கு அசைக்க முடியாத செயலாளர். சங்க விழாக்களில் அவருக்கு மேடை. மனைவிக்கு மண்டபத்தின் பின்னால் இருக்கிற குசினி. அந்தக் குசினியிலிருந்து சுவரூடாகக் கேட்டே புஷ்பவதி முழு நிகழ்ச்சி நிரலையும் மனப்பாடம் செய்திருந்தார். அகவணக்கம் என்றால் கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைக்க வேண்டும். வரவேற்புரை என்றால் தேநீருக்குத் தண்ணீர். பிரதம விருந்தினர் பேச எழுந்தால் மா குழைத்து, ரோல்ஸ் சுற்றி, பாத்திரமும் கழுவி முடிக்கலாம். நன்றியுரை தொடங்கினால் எண்ணெய் காய்ந்திருக்க வேண்டும். சபைக்குள் இருந்து சபை படித்தவர்கள் ஆயிரம் பேர். சுவருக்குப் பின்னால் நின்று படித்தவரை விளக்குப் பிடித்துத்தான் தேட வேண்டும்.

ஆகவே ஹலோவீனும் அந்த முறைப்படியே நடந்தது. பள்ளிக்கூடத்தில் நெருப்புக்குத் தடை என்றபடியால் டொலர் கடையில் வாங்கிய பற்றரி மெழுகுதிரிகள் குத்துவிளக்காயின. ஒவ்வொருவராக மேடைக்கு அழைக்கப்பட்டுப் பித்தானை அழுத்தினார்கள். பிறகு அகவணக்கம். எலும்புக்கூடு வேடம் போட்டிருந்த கொலம்பியாக்காரர் ஒருவர் மிகுந்த பக்தியோடு தலை குனிந்து நின்றார். இரத்தக்காட்டேரிகள் அசையவில்லை. நான்கு பேர் உரையாற்றினார்கள். சூனியக்காரி உடையில் வந்த செலீனுக்குக் கூரான தொப்பிக்கு மேலால் பொன்னாடை போர்த்தப்பட்டது. அவர் பயந்தாரா மகிழ்ந்தாரா என்று முகப்பூச்சுக்குள் தெரியவில்லை.

“அடுத்து, எங்கள் தலைவி புஷ்பவதியின் தலைமையுரை!” என்று ஜொய்சி பிரெஞ்சில் அறிவித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். தலைவியைக் காணவில்லை.

ஜொய்சி ஓடிப்போய்ப் பார்த்தால், குசினி அடுப்புக்கு முன்னால் நிற்கிறார்.

“என்னக்கா, சனம் பார்த்துக்கொண்டிருக்கு!”

“ரோல்ஸ் கருகிப்போம் பிள்ளை. நீயே ரெண்டு வசனம் சொல்லிவிடு.”

அடுப்பு அணைந்தே இருந்தது.

இதுதான் அவரைக் கவனித்தவர்களுக்கு விளங்காத விசயம். பஸ்ஸில், வரிசையில், வைத்தியரின் அறையில், எங்கே விட்டாலும் வாய் ஓயாத மனுசி. “என்ரை ரோல்ஸ் இல்லாமல் மொன்றியலில ஒரு கலியாணம் ஒப்பேறினதைச் சொல்லுங்கோ பாப்பம்” என்று முன்பின் தெரியாதவரிடமும் சவால் விடுவார். நிகழ்ச்சி நிரலில் தன் பெயருக்கு நேரே ‘தலைமையுரை’ என்று எழுதுவதும் அவரேதான். பெயர் கூப்பிட்டதும் மாயமாவதும் அவரேதான். டிசம்பரில் நத்தார் விருந்தன்று யாரோ ஒருவரின் மேலங்கியைத் தேடப் போனார். மார்ச்சில் மேப்பிள் பாகு காய்ச்சும் இடத்துக்கு பஸ் பிடித்துப் போனார்கள். அங்கே பாகு காய்ச்சுகிற பெரியவருக்கும் பொன்னாடை போர்த்தினார். அவர் அதைக் கழுத்துச் சால்வை என்று நினைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றதும் புஷ்பவதி பனிக்குள் இறங்கி, பஸ் சாரதி சாப்பிட்டாரா என்று விசாரிக்கப் போய்விட்டார்.

மே மாதக் கூட்டத்தில் செலீன் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினார். ஜொய்சி அதைப் பக்கத்தில் இருந்து தமிழில் சொன்னாள். சனம் ஆட வருகிறது, சாப்பிட வருகிறது. உரைகள் முடியும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. ஜூனில் நடக்கும் ஆண்டிறுதி விழாவில் விளக்கு இருக்கட்டும், பொன்னாடையும் இருக்கட்டும். பேச்சு மட்டும் வேண்டாம். குழுவில் எல்லோரும் கை உயர்த்தினார்கள். புஷ்பவதியும் உயர்த்தினார். ஜூனோடு அவருடைய படிப்பு முடிகிறது. அதற்குப் பிறகு அந்த மேடையில் அவருக்கு வேலை இல்லை.

வீட்டில் விசயத்தைக் கேட்ட கணேசலிங்கம் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

“நான் அப்பவே சொன்னனான். சபை நடத்திறது சமையல் மாதிரி இல்லை.”

“ஓம், சமையல் மாதிரி இல்லைத்தான். நான் சமைச்சால் சனம் நித்திரை கொள்ளாது.”

சொல்லிவிட்டு அறைக்குள் போனவர், வெகுநேரம் வெளியே வரவில்லை.

அடுத்த நாள் வகுப்பு தொடங்க முன்னமே செலீனுடைய மேசைக்கு முன்னால் போய் நின்றார். ஜொய்சியைக் கூப்பிடவில்லை. ஒரு விரலை உயர்த்திக் காட்டி, ஒரு பேச்சு, இரண்டு நிமிடம், பேசுவது நான், என்று தன்னுடைய பிரெஞ்சிலேயே சொன்னார். செலீன் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சரி என்றார்.

நடைபாதையில் ஜொய்சி மறித்தாள்.

“இந்தமுறை எந்த அடுப்புக்குள்ள ஒளிக்கப் போறீங்க?”

“அண்டைக்கு வெளியில சாப்பாடு எடுக்கிறம். அடுப்பே மூட்டேல்லை. எங்கை ஒளிக்கிறது?”

“மறுகா நடுச்சபையில என்னைத் தேடப்படாது.”

“தேடமாட்டன். நீ முன்னுக்கு இரு. அது போதும்.”

பிறகு வந்த வாரங்களில் ஜான்-டலோன் சந்தையில் ஸ்ட்ரோபெரி விற்கிறவர் அந்த உரையைப் பலமுறை கேட்டார். முதல் நாள் பெட்டியைக் கையில் ஏந்தியபடி பொறுமையாக நின்றார். இரண்டாம் முறை சிரித்தார். கடைசி முறை, ‘இன்னும் சத்தமாக, அந்தக் கடைக்காரனுக்கும் கேட்க வேண்டும்’ என்று எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். அங்கே தக்காளி அடுக்கிக்கொண்டிருந்தவர் கையை ஆட்டினார்.

விழா மாலை. முன்வரிசை வெள்ளைத் துணிக் கதிரைகளில் இந்தமுறை இரண்டில் ஆட்கள் இருந்தார்கள். கோட்டும் கழுத்துப்பட்டியுமாகக் கணேசலிங்கம். பக்கத்தில் ஜொய்சி. இசை போடுகிற அல்ஜீரிய இளைஞர் விரலைப் பித்தானில் வைத்துத் தயாராக நின்றார். சாப்பாட்டின் வாசனை மண்டபத்தை நிறைத்திருந்தது. பெயர் கூப்பிட்டார்கள். புஷ்பவதி பட்டுச் சீலையின் கொய்யகத்தை ஒரு கையால் பிடித்தபடி மேடையேறினார்.

“பொன்ஸ்வார்” என்றார். மாலை வணக்கம் சொல்லியாயிற்று. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஒலிவாங்கியில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. கணேசலிங்கம் நிலத்தைப் பார்த்தார். புஷ்பவதியின் கண் ஒருமுறை குசினிக் கதவுக்குப் போய்த் திரும்பியது.

பிறகு பேசினார். தையல் தொழிற்சாலையில் ‘உய்’ என்று மட்டும் சொல்லிக் கழிந்த காலத்தைச் சொன்னார். ‘இந்த ஒரு வருடத்தில்தான் இல்லை என்று சொல்லப் பழகினேன்’ என்றார். பின்வரிசையில் ஹெயிற்றிப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்துக் கை தட்டினார்கள். சதுரங்கத்தில் தன்னிடம் தோற்றவர்கள் எவருமே இல்லை என்றார். எலும்புக்கூடாக வந்து தலைகுனிந்து நின்ற மனிதரைப் பெயர் சொல்லி எழுப்பி நன்றி சொன்னார். சந்தையில் ஒத்திகை பார்த்தது எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது வருவதெல்லாம் அந்த இடத்திலேயே பிறக்கிற பேச்சு. வசனங்கள் நொண்டின. ஆனாலும் நடந்தன.

இரண்டு நிமிடம் எப்போதோ கடந்திருந்தது. செலீன் கடிகாரத்தைப் பார்த்தார். இசைக்காரர் செலீனைப் பார்த்தார். கணேசலிங்கத்துக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. செயலாளராக இருந்துவரும் காலம் முழுவதும், பேச்சை முடிக்கத் தெரியாத எத்தனை பிரமுகர்களுக்குத் துண்டுச் சீட்டுக் கொடுத்து இறக்கியவர். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கையில் கிடந்த கடதாசித் துவாயில் ‘நேரம் முடிந்துவிட்டது’ என்று எழுதினார். முதுகை வளைத்து, யாருக்கும் மறைக்காமல், சங்க வழக்கப்படி மேடையோரமாகப் போய் அதை மனைவியின் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார்.

புஷ்பவதி பேச்சை நிறுத்தாமலே அதைக் கையில் எடுத்தார். கணவரின் கையெழுத்தைப் பார்த்தார். அதை இரண்டாக மடித்து, மேலுதட்டில் பூத்திருந்த வியர்வையை ஒற்றிக்கொண்டு, அடுத்த வசனத்துக்குப் போனார்.