எங்கள் முறைத்தண்ணீர்

எருத்தேன்பதிப் பக்கம் எங்கள் காட்டுக் கிணறு இரண்டு வீடுகளுக்குப் பொது. ஒரு நாள் பெரியப்பாவின் முறை, மறுநாள் எங்கள் முறை. கிணற்றின் உட்சுவரில் ஒரு கருங்கல் துருத்திக்கொண்டு நிற்கும். யாருடைய முறையானாலும் அந்தக் கல் தலைகாட்டியதும் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். கல்லுக்குக் கீழே கிடப்பது மறுநாள்காரருக்கு உரியது. இதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததாக நினைவில்லை. ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியிருந்ததில்லை.

அப்பாவுக்குப் பிறகு எங்கள் வீடு அம்மாவின் மாங்கன்றுகளால் ஓடுகிறது. பச்சை வலைப் பந்தலின் கீழ், கறுப்புப் பைகளில், வரிசை வரிசையாக ஒட்டுக்கன்றுகள். ஒட்டுப் பிடித்துத் துளிர்விட்ட கன்று சித்திரை வெயிலில் தண்ணீர் இல்லாமல் தாங்காது. முதுகலை இலக்கியத் தேர்வுக்குப் படிக்க நான் விடுப்பில் வந்திருந்தபோது, ஆடியில் விற்க வேண்டிய கன்றுகள் முழுவதும் அந்தப் பந்தலில்தான் நின்றன.

அப்போதுதான் அந்தக் கோடை இசைவிழா வந்தது. ஊர் ஊராகப் போகிற விழா. மேடையிலிருந்து பாட்டும் பெரிய குழாய்களிலிருந்து தண்ணீரும் ஒன்றாகப் பாயும். வந்தவர்கள் தண்ணீர்த் துப்பாக்கிகளால் ஒருவரையொருவர் நனைத்துக்கொள்வார்கள். மாங்காய்ப் பறிப்பு முன்கூட்டியே முடிந்து சும்மா கிடந்த பெரியப்பாவின் தோப்பைச் சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கு வாடகைக்குப் பிடித்தார்கள். சனிக்கிழமை கிணற்றில் பெரியப்பாவின் முறை. அன்றைய தண்ணீரையும் அவர்களுக்கே கொடுப்பதாகப் பெரியப்பா அம்மாவிடம் வந்து சொன்னார்.

“உங்க மொறை, உங்க இஷ்டமுங்க மாமா” என்றாள் அம்மா. கல்லைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவரும் விழாவுக்குத் தண்ணீர் ஏற்ற வந்த லாரிக்காரர்களிடம் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை என்பதை இன்றும் நம்புகிறேன். நம்புவதால் என் கோபம் குறையவில்லை.

ஞாயிறு காலை அம்மா மோட்டாரைப் போட்டாள். குழாய் இரண்டு முறை இருமிவிட்டுக் காற்றைத் துப்பியது. எட்டிப் பார்த்தோம். கல் மட்டுமல்ல, அதற்குக் கீழே நான் ஒருபோதும் பார்த்திராத சுவரும், அதற்கும் கீழே சேறும் தெரிந்தன. தோப்புப் பக்கமிருந்து அதிர்வு ஒன்று வந்து கிணற்றுக்குள் மோதித் திரும்பியது. பாட்டு தொடங்கியிருந்தது.

தோப்பு வாசலில் பெரியப்பா வெள்ளை வேட்டியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“கெணத்துல சேறு கெடக்குதுங்க பெரியப்பா. இன்னைக்கு எங்க மொறை.”

“அதுக்கென்ன கண்ணு? உங்க மொறையில ஒரு சொட்டு நாந் தொட்டனா? எம்பட நாளுல எடுத்தது எம்பட தண்ணி. ஊறிக்கும் போ.”

“கல்லுக்குக் கீழ எடுத்திருக்காங்க.”

“கல்லு என்ன போலீஸா, லாரிய நிறுத்த?” சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். “படிக்கிற புள்ள, நீயும் உள்ள போயி நனைஞ்சுட்டு வா. டிக்கெட் வேண்டாம், பெரியப்பன் சொன்னேன்னு சொல்லு.”

நான் கூட்டத்தில் பேசுகிறவள் அல்ல. வகுப்பில்கூட விடை தெரிந்தாலும் கையுயர்த்த மாட்டேன். வீட்டுக்குப் போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, அவரைத் தாண்டி உள்ளே நடந்தேன்.

மாமரங்களுக்கு நடுவே நீலத் தார்ப்பாய் விரித்துக் குளம்போல் தண்ணீர் கட்டியிருந்தார்கள். இடுப்பளவு நீரில் என் வயதுக்காரர்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து குடத்தை முக்கினேன். மேடையில் ஒலிவாங்கியுடன் நின்றவன் என்னைக் கண்டுவிட்டான்.

“கைஸ், அங்க பாருங்க! பார்ட்டிக்குக் குடத்தோட வந்த ஒரே ஆளு! சேச்சி, சூப்பர்! ஊத்துங்கடா!”

ஊற்றினார்கள். நாலாபக்கத்திலிருந்தும் துப்பாக்கிகள் என் முகத்தை நோக்கித் திரும்பின. கைபேசிகள் உயர்ந்தன. ஒருத்தி என் தோளில் கைபோட்டுப் படமெடுத்துக்கொண்டாள். “இது எங்க தண்ணி” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல; காசு கொடுத்து வாங்கிய மகிழ்ச்சியில் இருந்தார்கள். அன்று அவர்கள் ஒவ்வொருவரையும் வெறுத்தேன். நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர்களுடைய கைதட்டலுக்கு நடுவே வெளியேறினேன். அதையும் நிகழ்ச்சி என்றே எண்ணினார்கள்.

அம்மா குடத்துக்குள் விரலை விட்டு முகர்ந்தாள். நுரை, வாசனைச் சோப்பு, ஏதோ இளஞ்சிவப்புச் சாயம். “கன்னுக்கு ஆகாது” என்று வாசலில் கொட்டினாள். பிறகு குடிக்க வைத்திருந்த தண்ணீரைச் சொம்பில் மொண்டு, பந்தலின் உள்வரிசைகளுக்கு மட்டும் விட்டாள். வெயில் படும் ஓர வரிசைகளைப் பார்க்காமலே கடந்தாள். எதைக் காப்பாற்றுவது என்று அவள் தீர்மானித்துவிட்டதை அந்தப் பார்க்காமையில் கண்டேன்.

கிணறு மறுபடி கல்லைத் தொடுவதற்குள் ஓர வரிசைகள் முழுவதும் கருகிவிட்டன. அதற்குள் விழா வேறு ஊருக்குப் போய்விட்டது. தார்ப்பாய்க் கிழிசல்களைப் பெரியப்பாவின் ஆடுகள் மென்றுகொண்டிருந்தன.

ஆடியில், எப்போதும்போல, தோப்பில் பட்டுப்போன மரங்களின் இடத்தில் நடக் கன்று கேட்டு டெம்போவுடன் பெரியப்பா வந்தார். பழைய சிரிப்பு. “நல்லதா பாத்துக் குடும்மா.”

அம்மா ஓர வரிசையைக் காட்டினாள். பைகளில் குச்சிகள் நின்றன.

“இதெல்லாம் உங்களுதுங்க மாமா. எடுத்துக்குங்க.”

“என்னம்மா, இது செத்துக் கெடக்குது.”

“உங்க நாளுல போன தண்ணி, உங்க தண்ணீன்னு சொன்னீங்களாமா. அதுல செத்ததும் உங்க கன்னுங்க. எங்களுது உள்ள நிக்குது. அதுல நான் ஒண்ணும் தர்றதா இல்லீங்க.”

அவர் விளையாட்டென்று நினைத்து என்னைப் பார்த்தார். அதற்குள் அம்மா இரண்டு பைகளைத் தூக்கி டெம்போவில் வைத்துவிட்டிருந்தாள். வரிசையின் மறுமுனையிலிருந்து நானும் தூக்கத் தொடங்கினேன்.