குடியாவுக்கு நான் கற்றுக்கொடுத்த பாஷை

நான்காம் வகுப்பில் என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. கணக்கு வராது, ஓட்டம் வராது, ஆண்டு விழாவில் மரமாக நிற்பதற்குக்கூட என்னைவிட உயரமான பிள்ளைகள் இருந்தார்கள். அதனால்தான் ஒரு நாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "ஏண்டி, உங்க வீட்ல வடக்கத்தி பாஷைதான பேசுவீங்க? இந்தி வரும்ல?" என்று கேட்டதும், யோசிக்காமல் "வரும் டீச்சர்" என்று சொல்லிவிட்டேன்.

வராது. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். எங்கள் முன்னோர் எந்தக் காலத்திலோ குஜராத் பக்கமிருந்து கொண்டுவந்து, செல்லூர்ச் சந்துகளில் தறிச் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திப் பேசி, பாதியைத் தமிழாக்கி வைத்திருக்கும் பாஷை. எங்கள் வகுப்பில் அது பேசுகிற வீட்டுப் பிள்ளை நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் அதில் ஒரு வார்த்தை வாய்தவறி வந்துவிட்டால் ஒரு வாரத்துக்குக் கேலிதான். ஆகவே வாசலைத் தாண்டினால் நான் தமிழச்சி.

டீச்சருக்குப் பக்கத்தில் நின்றவள் பெயர் குடியா. பீகாரிலிருந்து வந்தவள். எங்கள் சந்தில் இருந்த விசைத்தறிக் கூடத்தில் அவள் அப்பா வேலைக்குச் சேர்ந்திருந்தார். பெயரைக் கேட்டதுமே பையன்கள் தள்ளாடி நடந்து காட்டினார்கள். குடியா என்றால் இந்தியில் பொம்மை என்று அர்த்தமாம். மொழிபெயர்க்க நியமிக்கப்பட்ட எனக்கே அது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

தமிழ் தெரியாதென்று அவளை இரண்டு நாள் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். ஒன்பது வயதுப் பெண், குட்டிப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து இரண்டு நாளும் அழுதிருக்கிறாள். எங்கள் டீச்சர்தான் மனம் கேட்காமல் கெஞ்சிக் கூட்டிவந்திருந்தார். தலைமையாசிரியையான பெரிய டீச்சர் என்னிடம் கறாராகச் சொன்னார்: "அரைப்பரீட்சைக்குள்ள இவளுக்குத் தமிழ் பழக்கி விடு. வரலைன்னா மறுபடி ஒண்ணாப்புதான்."

முதல் நாள் தண்ணீர் பாட்டிலைக் காட்டி எங்கள் வீட்டு வார்த்தையைச் சொன்னேன். குடியாவின் முகம் மலர்ந்துவிட்டது. தண்ணீருக்கு அவர்களும் நாங்களும் கிட்டத்தட்ட ஒரே சொல்தான் வைத்திருக்கிறோம். எனக்கும் நிஜமாகவே இந்தி வருகிறதோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதன் பிறகு அவள் என்ன சொன்னாலும் கொஞ்சமும் தயங்காமல் மொழிபெயர்த்தேன். நீளமாகப் பேசினால் "வயிறு வலிக்குதாம் டீச்சர்", சுருக்கமாகப் பேசினால் "தண்ணி வேணுமாம் டீச்சர்." வயிற்று வலியின் பேரில் அவளை இரண்டு முறை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

நான் தமிழில் சொன்னால் திருதிருவென்று விழிப்பாள். எங்கள் பாஷையில் சொன்னால் டக்கென்று பிடித்துக்கொள்வாள். எனக்கும் அதுதான் சுலபமாக இருந்தது. மூன்று மாதத்தில் தறியில் நூல் அறுந்தால் என் அப்பா என்ன சொல்லித் திட்டுவாரோ, அது வரைக்கும் கற்றுக்கொண்டாள். அவள் அப்பாவின் கூடத்திலும் அக்கம்பக்கத்திலும் அதே பாஷைதான் என்பதால், இதுதான் இந்த ஊர்த் தமிழ் என்று நம்பிவிட்டாள். வகுப்பில் மற்றவர்கள் பேசுவதைப் பாடம் என்று நினைத்திருப்பாள் போல. நாங்கள் ஓயாமல் பேசுவதைப் பார்த்து டீச்சர், "பரவாயில்லையே, இந்தில பொளந்து கட்டுற" என்றார். நான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன்.

அரைப்பரீட்சை வந்தது. பெரிய டீச்சர் தன் அறைக்கு எங்களைக் கூப்பிட்டு, விரல்களை விரித்துக் காட்டி, "எங்க, எண்ணு பாப்போம்" என்றார். குடியா நிமிர்ந்து நின்றாள்.

"ஏக், தி, தீன், சார்..."

"தமிழ்ல சொல்லு, தமிழ்ல."

தமிழ் என்ற சொல் அவளுக்குப் புரிந்தது. இன்னும் சத்தமாக, இன்னும் தெளிவாக, ஏக், தி, தீன் என்று பத்து வரைக்கும் சொல்லி முடித்தாள்.

பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். "இந்தின்னே வச்சுக்குவோம். ஏக், தோ, தீன்னுதான வரும்? இதென்னடி நடுவுல தி?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். சாக்பீஸ் எடுக்க வந்திருந்த ஐந்தாம் வகுப்பு சார் எங்கள் ஆட்களில் ஒருவர். அவர் குடியாவிடம் எங்கள் பாஷையில் என்னவோ கேட்டார். அவ்வளவுதான். காலையில் என்ன சாப்பிட்டாள், தம்பி எங்கே விழுந்து பல்லை உடைத்துக்கொண்டான் என்று அவள் கொட்டித் தீர்த்தாள்.

"டீச்சர், இது இந்தி இல்ல. எங்க வீட்டு பாஷை" என்றார் சார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "எங்க அம்மா பேசுற மாதிரியே பேசுது பிள்ளை."

"உனக்கு இந்தி தெரியுமா, தெரியாதா?" என்று என்னிடம் கேட்டார் பெரிய டீச்சர்.

"தெரியாது டீச்சர்" என்று அழுதுவிட்டேன். குடியாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தான்தான் எங்கோ தப்பாக எண்ணிவிட்டோம் என்று நினைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை இன்னும் கூடியது.

குடியாவை ஒன்றாம் வகுப்புக்கு மாற்றப் பெரிய டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். அப்போது எங்கள் டீச்சர், "தப்பான பாஷையவே மூணு மாசத்துல இம்புட்டுப் படிச்சிருக்கா. சரியானதச் சொல்லிக் குடுத்தா படிக்க மாட்டாளா? முழுப்பரீட்சை வரைக்கும் விடுங்க டீச்சர்" என்றார். பெரிய டீச்சர் பதிவேட்டை மூடினார். "சரி. ஆனா இவளை மட்டும் பக்கத்துல உக்கார விடாதீங்க" என்று என்னைக் காட்டினார்.

குடியாவை மீனாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தூக்கத்தில்கூட வாயை மூடாத பிள்ளை என்று மீனாவின் அம்மாவே சொல்வார். நான் நான்கு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்து, என்னால் குடியா ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடக் கூடாதென்று தினமும் சாமி கும்பிட்டேன்.

முழுப்பரீட்சையின்போது பெரிய டீச்சர் அறை வாசலில் மீனாவும் நானும் காத்திருந்தோம். குடியா தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை நிறுத்தாமல் வாசிப்பது வெளியே கேட்டது. நூறு வரைக்கும் எண்ணுவதும் கேட்டது. வெளியே வந்தவள் மீனாவிடம், "அம்புட்டுத்தான்டி, அஞ்சாப்புக்குப் போறேன்" என்றாள், செல்லூரிலேயே பிறந்தவள் மாதிரி.

பிறகு என்னிடம் வந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அதே சேதியை எங்கள் பாஷையில் சொன்னாள்.

பெரிய டீச்சர் கேட்டுவிடப் போகிறார் என்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஏய், தமிழ்ல சொல்லுடி" என்று அதட்டினேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மறுபடியும் அதையே, எங்கள் பாஷையிலேயே சொன்னாள்.

பாவம், இவளுக்கு இன்னும் எது தமிழ் என்றே பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.