பிள்ளையை எதில் சேர்க்கிறது, டீச்சர்?

சங்கீத டீச்சர் வேலையில் சங்கீதத்துக்குப் போகிற நேரம் கால்வாசிதான். மிச்சமெல்லாம், பிள்ளையை எதில் சேர்க்கிறது என்று தாயும் தகப்பனும் என் முன்னால் இருந்து வாக்குவாதப்பட்டு அடிபடுகிறதைப் பார்க்கிற நேரம். புத்தளம் டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் வாய்ப்பாட்டு, வயலின், கீபோர்ட் மூன்றும் படிப்பிக்கிறேன். ஜனவரியில் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கிற கிழமை வந்தால், ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது தலையிடிக் குளிசைக்காகக் கீழே இறங்குவேன். நீங்களும் சின்னப் பிள்ளைகளுக்கு நடனமோ கராத்தேயோ படிப்பிக்கிறவர் என்றால், நான் சொல்லப்போகிறது உங்களுக்குப் புதினமாக இராது. கூட இருந்து ஒரு பெருமூச்சு விடுங்கள், போதும்.

சத்தமில்லாத சாமான்

இந்த வருடம் முதலில் வந்தவர் கற்பிட்டியில் வெங்காயத் தோட்டம் செய்கிற ஒரு தகப்பன். ஆறு வயது மகனைக் கையில் பிடித்திருந்தார். பொடியனுக்கு எதில் விருப்பம் என்று கேட்டேன். அவர் அதைக் காதிலேயே போடவில்லை.

"டீச்சர், சத்தம் வராத சாமான் ஏதும் ஈக்கா? எங்கட வயசான வாப்பாக்கு சுகமில்ல, பகல்ல தூங்கோணும்."

அரை மணித்தியாலம் மினக்கெட்டு விளங்கப்படுத்தினேன். கீபோர்ட் எடுத்தால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிக்கலாம், பக்கத்தில் இருக்கிறவருக்குக்கூடக் கேட்காது என்று வாசித்தும் காட்டினேன். மனிதர் ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் பெரிய கவலை.

"அப்ப இவன் படிக்கிறானா, சும்மா குந்திக்கிட்டு ஈக்கிறானாண்டு நாங்க எப்பிடி டீச்சர் கண்டுபுடிக்கிற?"

நரம்பும் தோலும்

அடுத்த நாள் ஒரு அம்மா மகளின் சாதகக் கொப்பியோடு வந்தார். சாத்திரியார் நரம்பு வாத்தியம் இந்தப் பிள்ளைக்கு ஆகாது என்றாராம். அதனால் வயலின் இல்லை. தோல் வாத்தியமும் ஆகாதாம். புல்லாங்குழலாவது ஊதட்டும் என்றால், பிள்ளைக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பிள்ளை அதை நிரூபிக்க வாயை அகலத் திறந்தும் காட்டியது.

"அப்ப என்னம்மா செய்யிறது?" என்று களைத்துப்போய்க் கேட்டேன். அவர் என் கீபோர்டின் வயரைக் கண்ணால் பின்தொடர்ந்து, சுவரில் இருந்த பிளக்கில் பார்வையை நிறுத்தினார்.

"இது கரண்டிலதானே ஓடுது? கரண்டைப் பற்றி அவர் ஒண்டும் சொல்லேல்ல."

கோவிலா, தேவாலயமா

அந்தக் கிழமைக் கடைசியில் நிவேதா வந்தாள். ஐந்து வயது. அப்பா முன்னேஸ்வரத்துச் சைவர், இங்கே ஒரு கந்தோரில் வேலை. அம்மா சிலாபத்துக் கத்தோலிக்கர். மகள் தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசிக்கவேண்டும், ஆனபடியால் கீபோர்ட் என்றார் அம்மா. கோவிலில் தேவாரம் பாடவேண்டும், ஆனபடியால் வாய்ப்பாட்டு என்றார் அப்பா. என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். கலியாணம் கட்டினபோது தீர்க்காததை நான் எப்படித் தீர்ப்பேன்? கடைசியில், செவ்வாய் கீபோர்ட், சனி வாய்ப்பாட்டு என்று பிள்ளையின் தலையில் இரண்டையும் கட்டினார்கள்.

எதற்கும் பார்ப்போம் என்று பிள்ளையை முன்னால் இருத்தி "ச" பிடித்துக் காட்டினேன். என் வாயையே உற்றுப் பார்த்துவிட்டு, வேறேதோ சுருதியில் "சா" என்றாள். நான் அலுமாரிப் பக்கம் திரும்பி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இரண்டாம் தரமும் இல்லை.

அப்பா சிரித்தார். "கேட்டாலும் கேக்காத மாதிரி இருப்பா டீச்சர். அப்பிடியே அவங்கட அம்மாதான்."

குறை யாரில்

ஒரு மாதம் மாரடித்தேன். சொன்னது ஒன்று, அவள் வாசித்தது ஒன்று. ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குப் பொறுமை போய், "காதை எங்கேயடி விட்டிட்டு வந்தனீ?" என்று கத்தினேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நிவேதா அவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தாள். ஏன் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

சத்தம் போடாமல் அவளுக்குப் பின்னால் போய் நின்று, பலமாகக் கை தட்டினேன். எல்லாப் பிள்ளைகளும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை.

அன்றைக்கே அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளையை ஆஸ்பத்திரியில் காது டொக்டரிடம் காட்டுங்கள் என்றேன். அவருடைய முகம் சிவந்துவிட்டது. கொப்பியையும் தண்ணிப் போத்தலையும் அள்ளிக்கொண்டு, படியில் நின்று சொன்னார்:

"படிப்பிக்கத் தெரியாட்டி அதைச் சொல்லுங்க டீச்சர். என்ட பிள்ளையில குறை கண்டுபிடிக்காதீங்க."

கணக்கு வகுப்பு

அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. செவ்வாயும் சனியும் யாராவது படியேறினால் எட்டிப் பார்ப்பேன். அப்படி ஒரு நாள் ஏறி வந்தவர் வேறொரு அம்மா. பாட்டுப் படித்தால் பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வரும் என்று யாரோ சொன்னார்களாம், புலமைப்பரிசில் பரீட்சைக்கு உதவுமாம், உண்மையா என்று கேட்டார். எனக்குத் தெரியாது, ஆனால் பாட்டு வரும் என்றேன். யோசித்தார்.

"அப்ப நேரா கணக்கு வகுப்பிலயே விடுறன் டீச்சர். எதுக்கு இடையில ஒரு பாட்டு?"

நிவேதாவின் தெரிவு

பள்ளிக்கூட விடுமுறை முடிந்த பிறகு ஒரு பின்னேரம், நிவேதாவை இரண்டு பேருமாகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்ததாம். சின்னதாக ஒரு ஒப்பரேஷன் செய்து எடுத்துவிட்டார்களாம். இவ்வளவு காலமும் பிள்ளை வாயைப் பார்த்தே கதையை விளங்கிக்கொண்டிருக்கிறாள். எல்லாவற்றையும் அப்பாதான் சொன்னார். அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைத்து நிலத்தைத்தான் பார்த்தேன்.

பழைய பழக்கத்தில் பிள்ளைக்குக் கிட்டப் போய்க் குனிந்து, "நிவேதா! சுகமா?" என்று உரத்துக் கேட்டேன். அவள் இரண்டு காதையும் பொத்தினாள்.

"ஏன் டீச்சர் கத்துறீங்க?"

அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கதிரையை இழுத்து இருந்து கண்ணைத் துடைத்தார். துடைத்து முடிந்த உடனே, "அப்ப கீபோர்ட்டைத் தொடருவம்" என்றார். "ஏன், வாய்ப்பாட்டு என்ன பாவம் செய்தது?" என்று அப்பா தொடங்கினார். எனக்குத் தலையிடி தொடங்கியது. போதும் என்று இரண்டு பேரையும் கையமர்த்திவிட்டு, சேர்ந்த நாளிலிருந்து ஒருவரும் கேட்காததைப் பிள்ளையிடம் கேட்டேன்: உனக்கு என்ன படிக்க விருப்பம்?

அவள் யோசிக்கவே இல்லை. கண் விரிய, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்:

"பின்னேரத்தில பேக்கரிப் பாண் விக்கிற ஓட்டோ ஒண்டு வருது டீச்சர், அது பாடிக்கொண்டு வருது! அந்தப் பாட்டு!"

பதினைந்து வருடம் சங்கீதம் கற்று மேடையேறிய நான், இப்போது செவ்வாயும் சனியும் பாண் விற்கிற மெட்டைப் படிப்பிக்கிறேன். அதற்குத் தாளம் போடுகிறது யார் என்று தாயும் தகப்பனும் அடிபடுகிறார்கள்.