என் மனைவியின் குரலை நான் பதிந்த விதம்

குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அறுவைக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. புற்றுநோய். எடுக்காவிட்டால் ஆள் போய்விடுவாள், எடுத்தால் குரல் போய்விடும். என் மனைவி மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோயிலில் பூசையின்போது பதிலுரைப் பாடல் பாடுகிறவளும் அவள்தான். நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்கார வைப்பாள். அந்தத் தொண்டையில்தான் வந்தது.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒரு வழி சொன்னார். அறுவைக்கு முன்னால் முந்நூறு வாக்கியங்களைத் தெளிவாகப் படித்துப் பதிந்து கொடுத்தால், அவள் குரலிலேயே பேசும் ஒரு கணினிக் குரலைத் தயாரிக்கலாம். பிறகு அவள் தட்டச்சு செய்தால் போதும், அது அவளைப் போலவே படிக்கும்.

"பின்னாடி சத்தம் இருக்கக் கூடாது சார். ரெண்டு டிராக்கா வேணாம், ஒரே டிராக்கா மோனோவுல குடுங்க. நல்லா செக் பண்ணிக்குங்க. அப்புறம் திரும்ப எடுக்க முடியாது."

"அத எங்கிட்ட விடுங்க மேடம்" என்றேன்.

நான் அடையாறில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பராமரிக்கிறவன். இருபது வருடமாக லினக்ஸ் இயங்குதளம்தான். வீட்டில் வேறு எதையும் நுழைய விட்டதில்லை. இதில் எனக்கு இருந்த திமிரை இன்றைக்கு நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

வீட்டில் இருந்த மடிக்கணினி ஒரு வருடம் முன்பு வாங்கியது. அதில் உள்ளே இருக்கும் மைக் வேலை செய்ததே இல்லை. அதுவரை தேவைப்படவில்லை, விட்டுவிட்டேன். இப்போது தேவைப்பட்டது. பதிவேட்டைத் திறந்து பார்த்தால் ஒலிச் சில்லுக்கு ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்று ஒரு வரி இருந்தது. அந்தக் கோப்பைத் தேடி இறக்கிப் போட்டேன். அது லினக்ஸின் மையமான கெர்னலின் புதிய பதிப்பைக் கேட்டது. அதையும் போட்டேன். ஸ்பீக்கரும் சேர்ந்து ஊமையானது. கணினியைத் துவக்கிவைக்கும் பயாஸைப் புதுப்பித்தால் சரியாகும் என்று ஒரு இணைய மன்றத்தில் எவனோ எழுதியிருந்தான். புதுப்பித்தேன். கணினி துவங்கவே மறுத்தது. அதை மீட்க ஒன்றரை நாள் போனது.

அவள் குரல் ஏற்கெனவே கரகரத்திருந்தது. ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் கட்டிக்கொண்டே வந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் தம்பி வேளச்சேரியில் தண்ணீர் கேன் போடுகிறவன். தினமும் அக்காவைப் பார்க்க வருவான்.

"இன்னா மாமா, மைக்கு வந்துச்சா?"

"வரும்."

"அஞ்சு நாளா இதையேதான் சொல்லிக்கினு கீற. மைக்கு வருதா, மைக்கு ஆவி வருதா? ஃபோன்ல எடு மாமா. எங்க ஏரியா பசங்க கானா பாட்டே ஃபோன்லதான் எடுக்கறானுங்கோ."

"ஃபோன் குரலை நசுக்கிடும்டா. உனக்குத் தெரியாதுன்னா சும்மா இரு."

"சரி, கடையில மைக்கு விக்கிறான்ல, ஒயரு வெச்சது. நான் வாங்கியாறேன்."

"வேணாம். அதுல பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கும்."

பொய். அந்த மைக் போதும் என்று எனக்குத் தெரியும். மடிக்கணினியிடம் தோற்றுப்போக எனக்கு மனமில்லை, விஷயம் அவ்வளவுதான்.

அவள் கூடத்தில் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். விடுப்பு எடுத்தும் நோட்டுகளை வீட்டுக்கு வரவழைத்திருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள். "ஏங்க, அவன் சொல்றதும் சரிதானே. ஃபோன்லயும் ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கலாமே."

"ஃபோன் பக்கத்துல இருந்தா மைக்ல இரைச்சல் விழும். ரெண்டு தடவை தனித்தனியா படிச்சா உனக்குத் தொண்டை வலிக்கும். ஒரே தடவை, ஒழுங்கா எடுக்கலாம்."

"நீங்க ஒழுங்கா எடுக்கறதுக்குள்ள நான் ஆப்பரேஷன் முடிஞ்சு வந்துருவேன் போல" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது.

பதினொன்றாம் நாள் மைக் வந்தது. ஒலி இயக்கியின் அமைப்பில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தேன், கணினியை அணைத்துப் போட்டேன், மைக் பட்டியலில் தெரிந்தது. "ஒன்று இரண்டு மூன்று" என்று நானே பேசிப் பதிந்து போட்டுக் கேட்டேன். கேட்டது. கூடத்துக்கு ஓடிப்போய், "வந்துடுச்சு" என்று கத்தினேன். அவள் கையெடுத்து மாதா படத்தைக் கும்பிட்டாள். எனக்கு நன்றி சொல்லவில்லை என்று அந்த நேரத்திலும் ஒரு சின்னக் கோபம் வந்தது எனக்கு. அப்படிப்பட்ட ஆள் நான்.

படுக்கையறையில் ஆறு நாள் பதிந்தோம். ஜன்னலை மூடி, அதன்மேல் போர்வையைக் கட்டி, மின்விசிறியை நிறுத்தி. வெளியே மெட்ரோவுக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் நிற்கும்போது ஐந்து வாக்கியம், மீண்டும் ஓடினால் காத்திருப்பு. அவள் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே படித்தாள். ஃபோன்கள் இரண்டும் சமையலறையில், அணைத்து வைத்திருந்தேன்.

பட்டியலில் இருந்த வாக்கியங்கள் செத்த வாக்கியங்கள். 'இன்று வானம் மேகமூட்டமாக இருக்கிறது.' 'எனக்கு ஒரு குவளை தண்ணீர் வேண்டும்.' முந்நூறு முடிந்த பிறகு, "இதெல்லாம் நான் எப்பங்க பேசினேன்? என்னோடத கொஞ்சம் போடுங்க" என்றாள். பன்னிரண்டு வாக்கியம் சொந்தமாகச் சொன்னாள்.

"யாரு அது பின்னாடி பேசறது?"

"ஏங்க, மோட்டார ஆஃப் பண்ணீங்களா?"

"தம்பி, சாப்ட்டுப் போடா, சும்மா போகாத."

கடைசியாகப் பதிலுரைப் பாடலில் இரண்டு வரி பாடினாள். குரல் உடைந்தது. மறுபடி பாடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். திரையில் பச்சைக் கோடு எழும்பித் தாழ்ந்தது. அதைப் பார்த்துத்தான் சொன்னேன்.

ஒவ்வொரு நாளும் பதிந்து முடித்ததும் நான் எழுதிய நிரல் ஓடும். மைக்கிலிருந்து இரண்டு தடமாக வருவதைக் கூட்டி ஒரே தடமாக்கும், பெயரிடும், மூலக் கோப்பை அழிக்கும். வட்டு சிறியது, இடம் போதாது என்று அழிக்கச் சொல்லியிருந்தேன். எவ்வளவு இடம் மிச்சமானது தெரியுமா? ஒரு படம் இறக்கும் அளவுகூட இல்லை.

ஒரு கோப்பையாவது போட்டுக் கேட்டிருக்கலாம். "போட்டுக் காட்டாதீங்க, என் குரலைக் கேட்டா அழுதுடுவேன்" என்று அவள் சொல்லியிருந்தாள். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு நான் மட்டும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நிரல் பிழையில்லாமல் முடிந்தது என்று திரையில் வந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அறுவை நன்றாக நடந்தது. கழுத்தில் துளை, அதில் குழாய். ஆறு வாரம் கழித்துத் தையல் ஆறி, அவள் ஒரு நோட்டில் எழுதிப் பேசப் பழகியிருந்தாள். கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றையும் கொடுத்தார்கள். மிக்ஸி ஓடுவது போல ஒரு சத்தம். இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டுப் பீரோவில் போட்டுவிட்டாள். 'என் குரல் எப்ப வரும்?' என்று நோட்டில் எழுதிக் காட்டினாள். கோப்புகளை அனுப்பலாம் என்று அன்று மடிக்கணினியைத் திறந்தேன். அனுப்பும் முன் முதல் கோப்பைச் சொடுக்கினேன்.

சீறல். எங்கோ தூரத்தில் குழாய் கசிவது போல. அதற்கு நடுவில் அங்கங்கே ஒரு 'ஸ்', ஒரு 'ச்'. அடுத்த கோப்பும் அப்படித்தான். முந்நூற்றுப் பன்னிரண்டும் அப்படித்தான்.

நான்கு நாள் உட்கார்ந்தேன், கல்லூரிக்குப் போகாமல். மூடியின் மேல்விளிம்பில் இரண்டு சின்ன மைக்குகள் இருக்கின்றன. அந்த மாடலில் ஒன்றின் அலை தலைகீழாக வருகிறது. தனித்தனியாகக் கேட்டால் இரண்டிலும் குரல் இருக்கும். இரண்டையும் கூட்டினால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். நான் சோதித்துக் கேட்டது கூட்டாத பதிவு. கூட்டுவதற்கு முன் ஒன்றைத் திருப்பிப்போட ஒரு வரி போதும். ஒரு தடத்தைத் தூக்கி எறிந்திருந்தால்கூடப் போதும். கூட்டிய பிறகு எதுவும் செய்ய முடியாது. அழித்த மூலங்களை மீட்கப் பார்த்தேன். அழித்த இடத்தை உடனுக்குடன் துடைக்கும் அமைப்பையும் நான்தான் போட்டு வைத்திருந்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது.

மைக் செய்தவனை நினைத்துக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். மன்றத்தில் எழுதினேன். இது தெரிந்த விஷயம்தானே என்று ஒருவன் பதில் போட்டான். தெரிந்த விஷயமாம்.

அவள் தம்பியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவன், அவள் ஃபோனில் கிடந்த ஏழு குரல் செய்திகளை எடுத்துக்கொண்டு போய் யாரிடமோ கொடுத்து ஒரு குரல் செய்து வந்தான். ஏழும் ஆட்டோவிலிருந்து அவசரத்தில் பேசியவை. கூடத்தில் போட்டுக் காட்டினான். யாரோ ஒரு பெண் பேசினாள். என் மனைவி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இது யார் என்பது போல அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். நானே பதிந்தது இருக்கும்போது தம்பி ஏன் குரல் செய்து கொண்டு வருகிறான்?

சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "எல்லாம் போச்சு. என் தப்பு. எடுத்தவுடனே கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். கேக்கல. ஃபோன்ல எடுக்க விட்டிருந்தா இப்ப இருந்திருக்கும். விடல."

"மாமா" என்றான் அவன். ஃபோனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு படிக்கட்டில் போய் நின்றான்.

அவள் எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். திட்ட ஆரம்பித்தாள். உதடுகள் வேகமாக அசைந்தன. கழுத்துக் குழாயில் காற்று புஸ் புஸ் என்று வந்து போனது. கையை நீட்டி, விரலை ஆட்டி, இரண்டாம் வகுப்புப் பையனை நிறுத்தி வைத்துக் கேட்பது போலக் கேட்டாள். முதல் வார்த்தை 'ஏங்க' என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை.

நோட்டை எடுத்து நீட்டினேன். தட்டிவிட்டாள். சோபாவுக்கு அடியில் போய் விழுந்தது. பேனாவை நீட்டினேன். அதையும். அவளுக்கு எழுத வேண்டாம். சொல்ல வேண்டும். இருபத்து நான்கு வருடத் தாம்பத்தியத்துக்கும் சேர்த்து ஒரு முறை வாயால் சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டே இருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

நான் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன், எல்லாம் காதில் விழுகிறவன் மாதிரி. அவள் சட்டென்று ஒரு கேள்வி கேட்டாள். முகத்தைப் பார்த்தாலே கேள்வி என்று தெரிந்தது. பதிலுக்கு நின்றாள். நான் அதற்கும் தலையை ஆட்டினேன்.

அப்போதுதான் நிறுத்தினாள்.