மாஸ்டர் வைத்துப் பார்த்தவர்

தேவகி அக்கா இறந்த செய்தியை, அவரோடு ஒரே லைனில் வேலை பார்க்கும் சுமதிதான் போனில் சொன்னார். நான் கல்லூரியில் வகுப்பு முடித்து வெளியே வந்த நேரம். "மேடம், அக்கா போய்ட்டாங்க. ஷிப்டுக்குக் கெளம்பும்போதே நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம்."

ஆலையில் அக்காவோடு வேலை பார்த்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்; அவர் வேலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரகடத்தில் வார்த்தெடுக்கும் அலுமினியச் சக்கரங்களுக்குள் காற்றுக்குமிழ் இருக்கிறதா என்று எக்ஸ்ரே திரையில் பார்த்துச் சொல்பவர். படப்பையில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு மதில்தான். நான் இயற்பியல் ஆசிரியை. சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தின் எக்ஸ்ரே ஒளியை ஆராய்கிறேன் என்றதும், "அட, நாம ரெண்டு பேரும் ஒரே டிபார்ட்மென்ட்டு!" என்று சிரித்தார். அப்போது அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் சூரியனின் கொந்தளிப்பு சுமார் பதினோரு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். என் நட்சத்திரத்துக்கும் அப்படி ஒரு சுழற்சி உண்டு என்று காட்டுவதே என் முனைவர் பட்ட ஆய்வு. விண்வெளித் தொலைநோக்கி ஒன்று பல ஆண்டுகளாக எடுத்த பதிவுகளில் அதன் எக்ஸ்ரே ஒளி அழகாகக் குறைந்துகொண்டே வந்தது. சுழற்சியின் இறங்குமுகம் என்று எழுதி முடித்துவிட்டேன். ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு வாரம்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்கீரை கொடுக்க வந்த அக்கா, மேசையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார்.

"இன்னா மேடம், எறங்கிக்கினே வருது?"

"நட்சத்திரம் அடங்குதுக்கா."

"நட்சத்திரம் அடங்குதா, மெஷின் அடங்குதா? மாஸ்டர் வெச்சுப் பாத்தீங்களா?"

உங்களுக்குத் தெரிந்ததை அன்று அக்காதான் எனக்குச் சொன்னார்: எங்கெங்கே குமிழ் இருக்கிறது என்று முன்பே தெரிந்த ஒரு சக்கரம்தான் மாஸ்டர். ஷிப்டு தொடங்கும்போது முதலில் அதை வைத்துப் பார்ப்பார்களாம். அதில் இருப்பது அப்படியே தெரிந்தால்தான் மற்றச் சக்கரங்களைத் தொடுவார்களாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இது வீல் இல்லக்கா, ஆராய்ச்சி" என்றேன். அக்கா கீரையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கேள்வி மட்டும் போகவில்லை. மூன்றாம் நாள், அதே தொலைநோக்கி அதே ஆண்டுகளில் எடுத்த வேறொரு பதிவைத் தேடி எடுத்தேன். என்றோ வெடித்த விண்மீனின் மிச்சம் அது. இப்படிச் சில ஆண்டுகளுக்குள் அதன் ஒளி மாறவே மாறாது. அதுவும் என் வரைபடத்தில் குறைந்துகொண்டே வந்தது. கருவிதான் ஆண்டுக்கு ஆண்டு மங்கியிருக்கிறது. அதைச் சரிக்கட்டும் கணினிக் கோப்பைப் புதுப்பிக்காமல், பழையதையே எல்லா ஆண்டுகளுக்கும் போட்டிருந்தேன். திருத்தியதும் இறக்கத்தில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. மிஞ்சிய சின்ன இறக்கம் சுழற்சிதானா என்று தெரிய வேண்டுமானால், ஒளி மறுபடி ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

அக்கா வீட்டு வாசலில் போய் நின்று அழுதேன். நான் பேசிய பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

"இன்னாத்துக்கு அழுவுற? கஸ்டமர் கைக்குப் போறதுக்கு முன்னாடியே புட்ச்சிட்டோம்ல?"

"இத்தன வருஷ வேல போச்சேக்கா."

"எங்க போச்சு? சரி பண்றதுக்கு ரீவொர்க்ல கீது."

அவர் கேட்காமல் இருந்திருந்தால், இல்லாத ஒன்றைச் சொல்லிப் பட்டம் வாங்கியிருப்பேன். அந்த நன்றியை அவரிடம் ஒழுங்காகச் சொன்னேனா என்று நினைவில்லை. அதன் பிறகு ஷேர் ஆட்டோவில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார், "ஏறிச்சா மேடம்?" இன்னும் இல்லை என்பேன். "ஏறினா மொதல்ல எனக்குச் சொல்லணும்" என்பார்.

புதிய பதிவு, அவருடைய காரியத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. கை பரபரத்தும் நட்சத்திரத்தைத் திறக்கவில்லை. மாறாத அந்தப் பொருளைத்தான் முதலில் பார்த்தேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பழக்கம். கோடு ஏறாமல் இறங்காமல் நேராகப் போனது. பிறகுதான் நட்சத்திரத்தைத் திறந்தேன்.

காரியத்தன்று அவர் படத்துக்கு முன்னால் நிற்கும்வரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

"மாஸ்டர் வெச்சுப் பாத்துட்டேன்க்கா" என்றேன். "ஏறிடுச்சு."