தியான நேரத்தில் கைவீசுபவர்

மலேசியாவில் கூலாய்ப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பராமரிப்பாளர் மருதையா. மின்சாரத்தைச் சேமிப்பதற்காகக் கட்டடத்துக்குக் கிடைத்த பசுமைச் சான்றிதழைக் காப்பதே தம் பிறவிப்பயன் என்று நம்புபவர்.

மண்டப விளக்குகள் ஆள் அசைந்தால்தான் எரியும். ஒருநாள் காலையில் தேவாரம் பாடி, முந்நூறு பிள்ளைகளும் கண்மூடி அசையாமல் தியானத்தில் நின்றதும் எல்லாம் அணைந்துவிட்டன.

"சாமி கும்பிடுறப்ப இருட்டா? அந்த சென்சாரைக் கழட்டிப் போடுங்க!" என்றார் தலைமையாசிரியை உமாதேவி.

"அலமாக்! கழட்டுனா அடுத்த மாசச் சோதனையில சான்றிதழ் போயிரும் டீச்சர். யாராவது ஆடுனா போதும். நான் ஆடுறேன்லா."

மறுநாள் முதல் தியானம் முடியும்வரை மருதையா பின்வரிசையில் இரு கைகளையும் வீசி நின்றார். பிள்ளைகள் ஒற்றைக் கண்ணால் ரசித்தார்கள், அவர் சிரிக்கவில்லை.

சோதனைக்கு வந்த அதிகாரி, "இவர் என்ன செய்கிறார்?" என்று மலாய் மொழியில் கேட்டார்.

"மெயிண்டனன்ஸ், துவான்," என்றார் மருதையா அதிகாரியிடம் பணிவாக, கையை நிறுத்தாமல்.